மறுபோட்டி நடவாதது ஏன்?

(ஆனையிறவில் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



குத்துச்சண்டையைப் பற்றிப் பேச வேண்டும் என்று இவ்வூர் இளைஞர்கள் என்னைக் கேட்டபோது சற்றே தயங்கினேன். காணியையும் தண்ணீரையும் பேசிப் பழகிய நாவுக்குக் கையுறையும் கயிற்று மேடையும் புதிய பண்டங்கள். ஆயினும் அவர்கள் கேட்ட கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. 2021 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ என்னும் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வடசென்னையிலே சார்பட்டா என்றும் இடியப்ப நாயக்கர் என்றும் பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை பயின்ற கூட்டங்கள் இருந்தமை உண்மை. படத்திலே கபிலனும் வேம்புலியும் மோதிய முதற் சண்டை கலகத்தில் குலைந்துபோகிறது. கடைசியில் மறுபோட்டி நடக்கிறது, கபிலன் வெல்கிறான், நாமும் மனம் நிறைந்து எழுந்து வருகிறோம். “உண்மை வாழ்விலும் தோற்றவனுக்கு இப்படி இரண்டாந் தடவை கிடைக்குமா, ஐயா?” என்று ஓர் இளைஞர் கேட்டார்.

கிடைக்காமற் போன கதை ஒன்றை இன்று சொல்லப் போகிறேன். உலகக் குத்துச்சண்டை வரலாற்றிலே இரு பெரு வீரர்கள் ஒரே ஒரு முறை மோதினார்கள். இரண்டாம் முறை மோதவேண்டும் என்று ஒருவர் ஆண்டுக்கணக்காகக் கேட்டார். மற்றவர் இணங்கவில்லை. அவர் கோழையா என்றால், அல்லர். அவரைப்போலத் துணிந்தவர் அக்காலத்தில் எவரும் இல்லை என்றே சொல்லலாம். பின் ஏன் நடக்கவில்லை? அதுதான் இன்றைய பேச்சு.

ஒருவர் ஜாக் ஜோன்சன். 1878 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தென்கோடியிலே, டெக்சஸ் மாநிலத்துக் கல்வெஸ்டன் துறைமுகத்திலே பிறந்தவர். அவருடைய தாயும் தந்தையும் அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்றவர்கள். ஆறடிக்கு மேற்பட்ட உயரம். அடிக்க வருபவனை அருகே வரவிட்டு, அடி விழாமல் தடுத்து, சிரித்துக்கொண்டே களைப்படையச் செய்யும் கலை அவருடையது. மற்றவர் சாம் லாங்போர்ட். கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்திலே வேமவுத் போல்ஸ் என்ற கறுப்பின மக்களின் சிற்றூரில் பிறந்தவர். தந்தையின் அடி பொறுக்க மாட்டாமல் சிறுவனாகவே வீட்டை விட்டு ஓடி, பொஸ்டன் நகரை அடைந்தார். அங்கே மருந்துக்கடை நடத்திய ஜோ வுட்மன் என்பவர் அவரை ஆதரித்து, பின்னர் அவருக்கு மனேஜராகவும் ஆனார். லாங்போர்டின் உயரம் ஐந்தடி ஏழங்குலத்தைத் தாண்டாது. ஆனால் அந்தக் குட்டை உடம்பிலே நீண்ட கைகளும், மலைபோன்றவனையும் சரிக்கும் அடியும் இருந்தன. இலேசான எடைப் பிரிவிலே தொடங்கி, ஹெவிவெயிட் எனப்படும் பார எடைப் பிரிவு வரை தம்மைவிடப் பெரியவர்களோடே வாழ்நாள் முழுதும் பொருதினார். 1903 இலே உலகச் சாம்பியனாயிருந்த ஜோ கான்சையே பதினைந்து சுற்றுகளில் வென்றவர் அவர். பட்டத்துக்கான போட்டியாக அது அமையாததால் வெற்றி மட்டுமே கிடைத்தது, பட்டம் கிடைக்கவில்லை. இந்தத் துரதிருஷ்டம் அவரை இறுதிவரை விடவில்லை.

அக்காலத்தில் அமெரிக்காவிலே நிறக்கோடு என்று ஒன்று இருந்தது. சட்டப் புத்தகத்திலே எழுதப்படாத கோடு. ஆனால் எழுதப்பட்ட சட்டத்தைவிட இறுக்கமானது. பார எடைப் பிரிவின் உலகப் பட்டத்தைப் பெற்ற வெள்ளையர் கறுப்பரோடு பட்டத்துக்காகப் பொருதுவதில்லை என்பதே அந்தக் கோடு. ஜோன் எல். சலிவன் அதை வெளிப்படையாகவே அறிவித்தார். ஜேம்ஸ் ஜெப்ரிசும் அப்படியே நின்றார். ஏனைய எடைப் பிரிவுகளில் கறுப்பர் சாம்பியனாவதைப் பொறுத்துக்கொண்டவர்கள், பார எடைப் பட்டத்தை மட்டும் தங்கள் இனத்தின் முடியாகக் கருதிக் காத்தார்கள். உலகிலேயே வலிமை மிக்க மனிதன் யார் என்ற கேள்விக்கு விடை அந்தப் பட்டம் அல்லவா? ஆகவே கறுப்பின வீரர்களுக்கு வேறொரு பட்டம் உண்டாயிற்று. அதற்கு “நிறத்தவரின் உலகச் சாம்பியன்” என்று பெயர். விருந்து நடக்கும் வீட்டிலே திண்ணையில் தனி இலை போடுவதை நம்முடைய ஊர்களிலே கண்டவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

அந்தத் திண்ணைப் பட்டத்தை 1903 முதல் வைத்திருந்தவர் ஜோன்சன். 1906 ஆம் ஆண்டு ஏப்ரல் 26 ஆம் தேதி, மசச்சூசெட்ஸ் மாநிலத்துச் செல்சியிலே, லாங்போர்ட் அவரை எதிர்த்தார். ஜோன்சன் ஏறத்தாழ முப்பது இறாத்தல் கூடிய எடையோடு நின்றார். லாங்போர்ட் வீழ்ந்தார், எழுந்தார், பதினைந்து சுற்றும் நின்றார், தீர்ப்பு ஜோன்சனுக்கு. அக்காலப் பத்திரிகைகளைப் பார்த்தால் தீர்ப்பிலே ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் பின்னாளில் லாங்போர்டின் மனேஜர் வுட்மன் ஒரு கதையைப் பரப்பினார். தம்முடைய ஆள் ஜோன்சனை வீழ்த்தினார் என்றும் தீர்ப்பு களவாடப்பட்டது என்றும் அந்தக் கதை ஊரூராய் நடந்தது. மறுபோட்டிக்கு ஆவலைக் கிளப்பச் செய்த வியாபாரத் தந்திரம் அது. நம்முடைய ஆள் தோற்றான் என்று ஒப்புக்கொண்டுதான் நீதி கேட்கவேண்டும். லாங்போர்டின் வழக்குக்குப் பொய் தேவைப்படவில்லை. இருபது வயதுப் பையன், முப்பது இறாத்தல் குறைந்தவன், பதினைந்து சுற்று நின்றான் என்ற உண்மையே போதியதாக இருந்தது.

இதற்குப் பின் இருவர் வழியும் பிரிந்தது. 1906 இலே டொமி பேர்ன்ஸ் என்ற கனடியர் வெள்ளையரின் பட்டத்தைப் பெற்றார். ஜோன்சன் அவரை நாடு நாடாகத் துரத்தினார். இறுதியில் ஹியூ மக்கின்ரொஷ் என்ற ஆஸ்திரேலிய ஏற்பாட்டாளர் முப்பதாயிரம் டொலரை எடுத்து வைத்தபோது பேர்ன்சுக்கு நிறக்கோடு மறந்துபோயிற்று. 1908 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் தேதி சிட்னியிலே சண்டை. பேர்ன்சுக்கு 30,000 டொலர், ஜோன்சனுக்கு 5,000. இந்தக் கணக்கை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். பதினான்காம் சுற்றிலே பொலிசார் சண்டையை நிறுத்தினார்கள். அடிமைகளின் மகன் உலகச் சாம்பியனானார். அந்தச் சண்டையை நேரிற் கண்டு எழுதிய நாவலாசிரியர் ஜாக் லண்டன், ஓய்வு பெற்றிருந்த ஜெப்ரிஸ் தம் பண்ணையை விட்டு வந்து வெள்ளையரின் மானத்தைக் காக்கவேண்டும் என்று அழைப்பு விடுத்தார். ஏழைத் தொழிலாளருக்காக எழுதிய பேனா அது. தோலின் நிறம் என்று வந்தபோது அதுவும் சறுக்கியது.

சிட்னிக்கு முன்பே லண்டனிலுள்ள தேசிய விளையாட்டுக் கழகத்தார் ஜோன்சனையும் லாங்போர்டையும் பொருத்தி வைத்திருந்தார்கள். பட்டம் கைக்கு வந்ததும் ஜோன்சன் அந்த ஏற்பாட்டுக்குக் கட்டுப்பட மறுத்தார். அவர்கள் தரும் தொகை உலகச் சாம்பியனுக்குப் போதாது என்பது அவர் வாதம். லாங்போர்ட் லண்டனுக்குப் போனார். 1909 மே 24 இல் அதே கழகத்திலே இங்கிலாந்தின் சாம்பியன் ஹேக் என்பவரை நான்காம் சுற்றிலே சாய்த்துவிட்டு, ஜோன்சன் எங்கே என்று கேட்டார். ஜோன்சன் வரவில்லை.

இங்கேதான் நாம் நின்று யோசிக்கவேண்டும். பயம் என்று ஒரு சொல்லிலே சிலர் முடித்துவிடுவார்கள். பயம் ஒருசிறிது இருந்திருக்கலாம். தாம் வென்றது எடை குறைந்த ஒரு பையனை என்பது ஜோன்சனுக்குத் தெரியும். 1909 இல் அந்தப் பையன் முழு வளர்ச்சியடைந்த ஆண்மகன் என்பதும் தெரியும். ஆனால் 1910 ஜூலை 4 இல், ஆயிரமாயிரம் பகைவர் சூழ்ந்த ரீனோ நகரத்து மேடையிலே ஏறி, திரும்பி வந்த ஜெப்ரிசைப் பதினைந்தாம் சுற்றிலே வீழ்த்தியவர் அவர். அந்த வெற்றிக்காக அமெரிக்க நகரங்கள் பலவற்றிலே கறுப்பின மக்கள் தாக்கப்பட்டுப் பலர் உயிரிழந்தார்கள். அத்தகைய மேடையில் ஏறியவரைக் கோழை என்பது பொருந்தாது.

பணத்தின் பாதையைப் பாருங்கள். ரீனோவிலே பந்தயத் தொகை 101,000 டொலர். ஏன் அவ்வளவு? குத்துச்சண்டையின் நுட்பத்தைக் காணவா மக்கள் காசு கொடுத்தார்கள்? கறுப்பன் விழுவதைக் காணக் கொடுத்தார்கள். “வெள்ளையரின் நம்பிக்கை” என்று பெயரிட்டு ஊரூராய் ஆள் தேடினார்கள். ஜோன்சனுடைய எதிரில் நிற்பவன் வெள்ளையனாக இருக்கும்வரை, அவன் எவ்வளவு திறமையற்றவனாயினும், வாசலிலே சீட்டு விற்றது. எதிரில் லாங்போர்ட் நின்றாலோ? எவர் வென்றாலும் கறுப்பரே சாம்பியன். அந்த நம்பிக்கையை வாங்க வந்தவனுக்கு அங்கே சரக்கில்லை. ஆகவே திறமையான எதிரிக்குக் குறைந்த காசு, திறமையற்ற எதிரிக்கு நிறைந்த காசு என்று தலைகீழான சந்தை உண்டாயிற்று. உப்பு விளைவிப்பவருக்கும் நெல் விளைவிப்பவருக்கும் இது புதிதன்று. சரக்கின் தரம் ஒன்று, சந்தையின் விலை வேறொன்று. ஜோன்சன் கணக்குப் பார்த்தார். கறுப்பர் இருவர் பொருதினால் கூட்டம் சேராது என்பதை அவரே காரணமாகக் காட்டினார்.

கணக்குச் சரிதான். ஆனால் அந்தக் கணக்கை எழுதி வைத்தவர்கள் யார்? அவரை ஐந்தாறு ஆண்டுகள் வாசலிலே நிறுத்தி வைத்தவர்களே. பேர்ன்சுக்கு 30,000, ஜோன்சனுக்கு 5,000 என்று பிரித்த அதே பேனாதான். உள்ளே போனவர் அந்தப் பேனாவை வாங்கித் தம்மைப் போன்ற இன்னொருவருக்கு எதிராக எழுதினார். பட்டத்துக்கு முன் ஜோ ஜெனற் என்ற கறுப்பின வீரரோடு பல தடவை பொருதியவர் ஜோன்சன். பட்டம் வந்தபின் ஒரு தடவையும் இல்லை. சாம் மக்வேயை மும்முறை வென்றவர்; பட்டம் வந்தபின் அவருக்கும் இடமில்லை. அதே மக்கின்ரொஷ் 1911 இலே லாங்போர்டையும் மக்வேயையும் ஆஸ்திரேலியாவுக்கு அழைத்து, அவர்களோடு பொருத ஜோன்சனையும் வரவழைக்க முயன்றார். அதுவும் கைகூடவில்லை.

வாசலுக்கு வெளியே நின்றவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவரோடொருவர் பொருதினார்கள். லாங்போர்ட், ஜெனற், மக்வே, பின்னர் ஹரி வில்ஸ் ஆகிய நால்வரும் தங்களுக்குள்ளே திரும்பத் திரும்ப, பத்துத் தடவைக்கும் மேலாக மோதினார்கள். 1909 ஏப்ரலிலே பாரிசில் மக்வேயும் ஜெனற்றும் நாற்பத்தொன்பது சுற்றுகள் அடித்துக்கொண்டார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் நடந்தது அச்சண்டை. சாம்பியனோடு ஒரு மறுபோட்டி கிடையாது. தங்களுக்குள்ளே மறுபோட்டிக்குக் குறைவே கிடையாது! அடைத்த வாசலின் முன் நின்றவர்களுக்கு அடிப்பதற்கு வேறு ஆள் இல்லை.

ஜோன்சன் பட்ட துன்பத்தையும் மறைக்கக் கூடாது. மேடையிலே வீழ்த்த முடியாதவரை நீதிமன்றத்திலே வீழ்த்தினார்கள். வெள்ளைப் பெண்ணோடு மாநிலம் கடந்து பயணம் செய்தமையைக் குற்றமாக்கி, 1913 ஜூனிலே சிக்காகோவில் வெள்ளையர் மட்டுமே அமர்ந்த யூரிமார் அவரைக் குற்றவாளி என்றார்கள். ஓராண்டும் ஒரு நாளும் சிறை. அவர் கனடா வழியாகப் பிரான்சுக்குத் தப்பினார். நூறாண்டுக்கு மேற்பட்ட காலம் கழித்து, 2018 மே மாதத்திலேதான் அமெரிக்க ஜனாதிபதி அந்தக் குற்றத்துக்கு மன்னிப்பு வழங்கினார். மன்னிக்க வேண்டியவர் யார், மன்னிப்புக் கேட்க வேண்டியவர் யார் என்பது வேறு பேச்சு.

அந்த 1913 ஆம் ஆண்டின் இறுதியிலே நடந்ததுதான் எனக்குப் பெரிய வியப்பு. டிசம்பர் 19 ஆம் தேதி பாரிசிலே ஜோன்சன் தம் பட்டத்தை முதன்முறையாக ஒரு கறுப்பருக்கு எதிராகப் பணயம் வைத்தார். கறுப்பர் இருவர் பார எடைப் பட்டத்துக்காகப் பொருதிய முதற் சண்டை அது. எதிரி லாங்போர்ட் அல்லர். ஜிம் ஜோன்சன் என்னும் இரண்டாந்தர வீரர். பத்துச் சுற்றிலே சமநிலை, சாம்பியன் கையிலே காயம், பார்த்தவர்களுக்கு ஏமாற்றம். மறுநாள், டிசம்பர் 20 ஆம் தேதி, அதே பாரிசிலே லூனா பார்க் மண்டபத்தில் லாங்போர்ட் ஜெனற்றை இருபது சுற்றுகளில் வென்றார். அமெரிக்காவின் நிறக்கோடு அங்கே இல்லை. அமெரிக்கப் பொலிசார் இல்லை. இருவரும் ஒரே நகரத்திலே, ஒருநாள் இடைவெளியிலே, வேறு வேறு ஆள்களோடு பொருதினார்கள். இப்போது வாசலை அடைத்து நின்றது எது? ஜோன்சன் உள்ளே கொண்டுபோன பழைய கணக்குத்தான்.

1915 ஏப்ரல் 5 ஆம் தேதி ஹவானாவிலே, இருபத்தாறாம் சுற்றில், ஜெஸ் வில்லார்ட் என்ற வெள்ளையரிடம் ஜோன்சன் பட்டத்தை இழந்தார். கோடு மீண்டும் போடப்பட்டது. அடுத்த இருபத்திரண்டு ஆண்டுகள், 1937 வரை, எந்தக் கறுப்பருக்கும் அந்தப் பட்டத்துக்குப் பொருதும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஜோன்சன் தம் கையில் வாசல் இருந்த ஆறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில் லாங்போர்டுக்கும் ஜெனற்றுக்கும் வழி விட்டிருந்தால், பட்டம் அவர் கையை விட்டுப் போயிருக்கலாம். ஆனால் அவர்கள் கையிலே நின்றிருக்கலாம்.

அன்பர்களே! நாம் கூடியிருக்கும் இடம் ஆனையிறவு. குடாநாட்டுக்கும் வன்னிக்கும் நெடுங்காலமாக முதன்மையான தரைவாசல் இதுவே. இந்த வாசலுக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கோட்டை வைத்துக் காத்தார்கள். நம் காலத்தில் எத்தனை உயிர் இங்கே மடிந்தது என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காணியில்லாத யாழ்ப்பாணத்துக் கமக்காரர் இந்த வாசலைக் கடந்து, இரணைமடுத் தண்ணீரை நம்பிக் கிளிநொச்சியிலே குடியேறினார்கள். காட்டை வெட்டினார்கள், மலேரியாவிலே மாண்டார்கள், வயல் கண்டார்கள். அது வீரம், மறுப்பவர் எவருமில்லை. அவர்களுக்குப் பின்னர், 1977 கலவரத்திலே அடிபட்டு, மலையகத்திலிருந்து தெற்கு வழியாக வன்னிக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். 1948 இலும் 1949 இலும் வந்த சட்டங்களால் குடியுரிமை இழந்த மக்களின் பிள்ளைகள் அவர்கள். அந்நாளிலே அரசாங்கத்துக்குள் நுழைந்து அமைச்சரான தமிழ்த் தலைமையும் உண்டு. அதை எதிர்த்து வெளியேறி 1949 டிசம்பரில் தனிக்கட்சி கண்ட தமிழ்த் தலைமையும் உண்டு. எது எந்தப் பக்கம் நின்றது என்பதை இந்தப் பத்திரிகையைப் படிப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இன்று அந்த மக்களிலே பலர் மேட்டுக்காணியிலே குடியிருந்து பிறர் வயலிலே கூலி செய்கிறார்கள். சிறுபோகத்துக்குத் தண்ணீர் பங்கிடக் கூட்டம் கூடும்போது, வயற்காணி அனுமதிப்பத்திரம் உள்ளவர் பேசுகிறார். இல்லாதவர் வெளியே நிற்கிறார். தண்ணீர் போதாது என்கிறோம். கணக்குச் சரிதான். ஆனால் கொழும்பிலிருந்து நம்மை நோக்கி “போதாது, உங்களுக்குப் பங்கில்லை” என்று சொல்லும்போது நமக்கு எப்படி இருக்கிறது? சமத்துவம் என்ற ஒரே சொல்லைத் தெற்கு நோக்கி உரக்கவும், நம் வாய்க்கால் ஓரத்திலே மெதுவாகவும் சொல்லுகின்ற பழக்கம் நம்மிடம் உண்டா, இல்லையா? இதைக் கேட்டதற்காக என்மேல் சினங்கொள்பவர் இந்தக் கூட்டத்தில் இருக்கலாம். சினங்கொள்ளட்டும், பிறகு பதில் சொல்லட்டும்.

கதைக்குத் திரும்புகிறேன். 1937 ஜூன் 22 இலே ஜோ லூயிஸ் சிக்காகோவில் பட்டத்தை வென்றார். மாக்ஸ் ஸ்மெலிங் என்ற ஜேர்மானியரிடம் 1936 இல் தோற்ற அவர், 1938 இலே மறுபோட்டியில் அவரை முதற் சுற்றிலேயே சாய்த்தார். உலகம் முழுவதும் எதிர்பார்த்த மறுபோட்டி அது. காசும் அரசியலும் சேர்ந்து நடத்தி வைத்தன. அதற்குப் பின் லூயிஸ் செய்ததையே நான் பெரிதாக மதிக்கிறேன். 1939 ஜனவரியிலே ஜோன் ஹென்றி லூயிஸ் என்ற கறுப்பின நண்பருக்குப் பட்டப் போட்டி கொடுத்தார். அந்த நண்பருக்கு ஒரு கண்ணிலே பார்வை போய்க்கொண்டிருந்தது. ஓய்வு பெறுமுன் நல்ல வருமானம் கிடைக்கட்டும் என்பது எண்ணம். சண்டை முதற் சுற்றிலேயே முடிந்தது. சண்டை என்ற முறையிலே அதில் பார்க்க ஒன்றுமில்லை. ஆயினும் கறுப்பர் இருவர் அந்தப் பட்டத்துக்காக அமெரிக்க மண்ணிலே பொருதியது அதுவே முதல் தடவை. 1947 டிசம்பரிலே ஜேர்சி ஜோ வோல்கொட் என்ற இன்னொரு கறுப்பின வீரர் லூயிசை இருமுறை வீழ்த்தினார், மத்தியஸ்தர்களின் தீர்ப்பு மட்டும் லூயிசுக்குப் போயிற்று, கூடியிருந்தோர் கூச்சலிட்டனர். ஆறு மாதம் கழித்து, 1948 ஜூனிலே, லூயிஸ் அவருக்கு மறுபோட்டி கொடுத்தார். பதினோராம் சுற்றிலே வென்றார். சென்ற முறை தோற்றிருக்க வேண்டியவர் தாம் என்ற பேச்சை அவர் மேடையிலேயே எதிர்கொண்டார்.

அப்போது சாம் லாங்போர்ட் எங்கே இருந்தார்? 1917 இலே பிரெட் புல்டனோடு நடந்த சண்டையில் ஒரு கண் போயிற்று. அதற்குப் பின்னும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் பொருதினார். மங்கலான பார்வையோடு 1922 இலே டைகர் பிளவர்சை இரண்டாம் சுற்றில் வீழ்த்தினார். அந்தப் பிளவர்ஸ்தான் நான்கு ஆண்டுகள் கழித்து நடு எடைப் பிரிவின் உலகச் சாம்பியனானார். எதிரியைக் கண்ணால் காண முடியாமல், கையால் தொட்டு இடமறிந்து அடித்தார் என்று சொல்லுவார்கள். வில்லார்டிடமிருந்து பட்டத்தைப் பெற்ற ஜாக் டெம்சி, தாம் அஞ்சிய ஒரே மனிதர் லாங்போர்ட் என்று முதுமையிலே எழுதினார்.

1944 இலே நியூயோர்க் ஹெரல்ட் ட்ரிபியூன் பத்திரிகையின் நிருபர் அல் லேனி, லாங்போர்டைப் பற்றி எழுத எண்ணித் தேடினார். இறந்துவிட்டார் என்று பலர் சொன்னார்கள். ஹார்லம் பகுதியிலே ஓர் இருண்ட அறையிலே, இரு கண்ணும் குருடாய், கையிலே சில்லறை மட்டும் வைத்துக்கொண்டு அவர் இருந்தார். லேனியிடம் அவர் குறை சொல்லவில்லை. பழைய சண்டைகளைச் சொல்லிச் சிரித்தார். கட்டுரையைப் படித்தவர்கள் பணம் அனுப்பினார்கள். அவருக்கு ஒரு நிதி சேர்ந்தது. 1946 இலே ஜோன்சன் வட கரோலினாவில் மோட்டார் விபத்தொன்றில் இறந்தார். லாங்போர்ட் அதன்பின் பத்தாண்டு வாழ்ந்து, 1956 ஜனவரி 12 இல், மசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜிலே காலமானார். ஜோன்சனோடு அவர் பொருதிய செல்சி, பொஸ்டனுக்கு அப்பால், அங்கிருந்து சில மைல் தொலைவிலே இருக்கிறது.